பொடி அண்ணன் போகக் கூடாத இடம்

முழங்கையால் கதவைத் தள்ளி, முழங்கையால் குழாயைத் திறந்து, பாட்டுப் பாடியபடி கை கழுவிக்கொண்டிருக்கிறார் பொடி அண்ணன். பாட்டு முடியும்வரை கழுவ வேண்டும் என்பது அவராக வைத்துக்கொண்ட விதி. பாட்டில் இரண்டு வரிதான் அவருக்குத் தெரியும். ஆகவே அது முடிவதே இல்லை. நகக்கண், விரல் இடுக்கு, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். துண்டைத் தொட மாட்டார். ஈரக் கையை உதறிவிட்டு, வெயில் விழும் சன்னலருகே போய் விரல்களை விரித்துக்கொண்டு நிற்பார். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், மனிதர் ஏதோ தியானத்தில் இருக்கிறார் என்று ஓசைப்படாமல் ஒதுங்கிப் போவார்கள்.

எங்களுடையது லஞ்ச ஒழிப்புப் போலீஸ் அலுவலகம். கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, மேலே நாங்கள். பொடி அண்ணன் இங்கே தலைமைக் காவலர். ஆனால் அவரைச் சீருடையில் பார்த்தவர் இங்கே யாரும் இல்லை. ஓர் அரசு ஊழியர் லஞ்சம் கேட்கிறார் என்று புகார் வந்தால், கொடுக்கப் போகிற நோட்டுகளில் ஒரு வெள்ளைப் பொடியைக் கண்ணுக்குத் தெரியாதபடி தடவித் தருவது அவர் வேலை. அந்த நோட்டைத் தொட்ட கையைச் சோடாக் கரைசலில் முக்கினால், நிறமற்ற தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறிவிடும். கை மறுத்தாலும் தண்ணீர் மறுக்காது.

இதில் ஒரு கண்டிப்பான ஏற்பாடு உண்டு. பொடி தடவியவர் ஆளைப் பிடிக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. போனால், “இந்த ஆள்தான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பொடி அப்படித்தான் ஒட்டியது” என்று அதிகாரி கோர்ட்டில் சொல்லிவிடலாம். அதனால் எந்த வேட்டையும் இவர் மேசையிலிருந்துதான் புறப்படும், இவரை விட்டுவிட்டுத்தான் புறப்படும். புறப்படுவதற்கு முன்பு சாட்சிகளுக்குச் செய்து காட்டுவார்களே, அந்த ஒரு கண்ணாடி டம்ளர் இளஞ்சிவப்பைத்தான் அவர் இத்தனை காலமும் பார்த்திருக்கிறார்.

“நான் பாக்குறதெல்லாம் ஒத்திகைதான் பட்டதாரி. நாடகம் வேற எங்கயோ நடக்குது” என்பார்.

பட்டதாரி என்பது நான். தட்டச்சராகச் சேர்ந்த முதல் நாளே இந்தப் பெயரை எனக்கு வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அரசு அலுவலகத்துக்குள் சம்பளத்துக்காக நுழைந்த முதல் ஆள் நான். அதற்கு முன்பு எங்கள் வீட்டார் நுழைந்ததெல்லாம் கெஞ்சுவதற்கு. அவர் கிண்டலாகக் கூப்பிடுகிறாரா, பெருமையாகக் கூப்பிடுகிறாரா என்று கொஞ்ச நாள் குழம்பினேன். இப்போது அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

பொடி தடவும்போது அவரைப் பார்க்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். மூச்சை ஒரு பக்கமாக விடுவார். குழந்தையின் கன்னத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு எடுப்பார். “அப்பக் கூடாது. அப்புனா வேஷம் மாதிரித் தெரியும். பூசுனதே தெரியக் கூடாது, அதான் அலங்காரம்.” முடிந்ததும் நோட்டுகளைப் பார்த்து, “போயிட்டு வாங்க, நல்ல பேரு வாங்கிக் குடுங்க” என்று வழியனுப்பி வைப்பார். இதைச் சிரிக்காமல் செய்வார்.

வீட்டில் அவருக்கு இந்த வேலையால் ஒரு பெரிய சோதனை வந்தது. கல்யாணமான புதிதில், சட்டைக் கை ஓரத்தில் பொடி ஒட்டியிருந்தது தெரியாமல் துவைக்கப் போட்டுவிட்டார். அவர் மனைவி அதைச் சோடா கலந்த வாளியில் முக்க, தண்ணீர் சிவந்துவிட்டது. அந்தக் கதையை அந்த அம்மாவே ஒரு தடவை அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னார்: “கையில ரோஸ் கலரு, காலர்ல ரோஸ் கலரு. எவ பூசிட்டுப் போனான்னு கேட்டேன். நோட்டுக்குப் பூசினேன்னாரு. எந்தப் பொண்டாட்டி நம்புவா? இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து டம்ளர்ல முக்கிக் காட்டுனதுக்கு அப்புறம்தான் சோறு போட்டேன்.”

“அதுதாங்க என் மேல போட்ட ஒரே கேசு” என்றார் இவர்.

போன மாதம் ஒரு காலை. வாசல் பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். நகத்தடியில் செம்மண். அவர் கால் பட்ட படியெல்லாம் மண். நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறவர். எலுமிச்சை, கொய்யா, மாதுளைக் கன்றுகளை வேரில் ஈரச் சாக்குச் சுற்றி, பெட்டி பெட்டியாக ரயிலில் வெளியூர்த் தோட்டங்களுக்கு அனுப்புகிறார். ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் ஓர் அதிகாரி. அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டால், “இடமில்லை, அடுத்த வண்டி” என்று சொல்லிப் பெட்டிகளைத் திறந்த முற்றத்தில் வைத்துவிடுவார்.

“வேர் காஞ்சா கன்னு செத்துப்போகும் சார். அது அவருக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் நிழல்ல வெக்காம வெயில்ல வெக்கிறாரு” என்றார் அந்த அம்மா. இரண்டு தடவை கருகிவிட்டன. இன்று சாயங்கால வண்டிக்கும் பெட்டிகள் போயாகிவிட்டன. இவையும் கருகினால் வாங்குகிற தோட்டக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

பொடி அண்ணன் உச்சுக்கொட்டினார். “எங்கெங்க சொன்னீங்க?”

“ஊருக்குள்ள இருக்கிற போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குள்ள நடந்தா எங்களுக்கு வராதுன்னாங்க. ரயில் நிலையத்துப் போலீஸ்கிட்ட போனேன். பெட்டி திருடு போச்சுன்னா வாங்க, லஞ்சம்னா வேற ஆளுன்னாங்க. அதான் வேற ஆளைத் தேடி வந்திருக்கேன்.”

பொடி அண்ணன் மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார்: “ரயில்வே மத்திய அரசும்மா. நாங்க மாநிலப் போலீசு. எங்க கை அவ்வளவு தூரம் நீளாது. மத்தியப் புலனாய்வுக்காரங்க இருக்காங்க, அவங்க ஆபீசு பெரிய ஊர்ல இருக்கு. ஒரு பகல் பயணம். அங்க போய்ச் சொல்லுங்க.”

“நான் என்ன பந்தா? ஆளாளுக்கு உதைச்சு விளையாடுறீங்க” என்று கேட்டார் அந்த அம்மா. அதற்குமேல் சண்டை போடவில்லை. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நிமிடம் எங்கள் இன்ஸ்பெக்டர் மேலே வந்தார். உயரமான பெண்மணி. நடந்தபடியே பேசுவார், பேசியபடியே செருப்பைக் கழற்றுவார்.

“யாரு அது, படியெல்லாம் மண்ணு?”

பொடி அண்ணன் விவரம் சொன்னார்.

“நமக்கு அதிகாரம் இல்லன்னு யாரு சொன்னது?”

“எல்லாரும் சொல்றதுதானேம்மா.”

“எல்லாரும்னா யாரு? பேரு சொல்லுங்க, வாக்குமூலம் வாங்கிடலாம்.” செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டார். “லஞ்சம் கேட்டது நம்ம எல்லைக்குள்ள. வாங்கப் போறதும் நம்ம எல்லைக்குள்ள. வாங்குறவருக்குச் சம்பளம் எந்த அரசாங்கம் குடுக்குதுன்னு அந்தச் சட்டம் கேக்கல. எந்தப் பதவியில இருக்கிற போலீஸ் விசாரிக்கலாம்னுதான் சொல்லுது. அந்தப் பதவியில நான் இருக்கேன். மத்தியக்காரங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும், ஒரே கேசை ரெண்டு பேரும் எடுத்துடக் கூடாதுன்னு. அது வழக்கம். அதுக்காக நம்ம கதவைச் சாத்தணும்னு எங்கயும் இல்ல.”

“அப்போ அவங்க டிபார்ட்மெண்டு அனுமதி?”

“குற்றப்பத்திரிகை போட்டு கோர்ட்டுக்குப் போறப்ப வேணும். கையும் களவுமாப் பிடிக்கிறதுக்கு வேண்டாம். அந்த அம்மா எங்க?”

பொடி அண்ணன் வாசலைப் பார்த்தார். ஓடினார். கதவை முழங்கையால் தள்ள மறந்து, முதல் தடவையாக உள்ளங்கையால் தள்ளிக்கொண்டு ஓடினார். நான் சன்னலுக்கு ஓடினேன். கீழே பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. இவர் அதன் முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “யோவ், சாகறதுக்கு வேற வண்டி கிடைக்கலியா?” என்றார்.

“ஓர் அம்மாவை இறக்கி விட்டுட்டு அப்புறம் ஏத்திக் கொல்லுய்யா. நான்தான் அவங்களைத் தப்பா அனுப்பிட்டேன்.”

பேருந்தே சிரித்தது. அந்த அம்மா சிரிக்காமல் இறங்கினார்.

அதன் பிறகு அலுவலகம் அலுவலகமாக இல்லை. இன்ஸ்பெக்டர் ஒரு தொலைபேசியில் கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கினார். இன்னொன்றில் மத்தியப் பிரிவுக்குத் தகவல் சொன்னார். “நாங்கள் இன்னும் எடுக்கவில்லை, நீங்களே பாருங்கள்” என்று அங்கிருந்து பதில் வந்தபோது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேறு துறைகளிலிருந்து இரண்டு சாட்சிகள் வந்தார்கள். நூலகத்திலிருந்து வந்தவருக்கு மூச்சு வாங்கியது. சினிமாவில் வருவது போல ஓட வேண்டியிருக்குமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்கும் அது தெரியாது, ஆனால் ஓட வேண்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

பொடி அண்ணன் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அன்று அவர் பிரஷ் வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. நோட்டுகள் அந்த அம்மாவின் துணிப்பைக்குள் போயின.

“அவரு கேட்டாத்தான் எடுக்கணும். கேக்காம நீட்டக் கூடாது” என்றார் இன்ஸ்பெக்டர். “வாங்கிட்டார்னா வெளியே வந்து தலைத்துணியை அவுத்து முகத்தைத் துடைங்க. அதுதான் எங்களுக்கு அடையாளம்.”

“வழக்கமா நான் அவரைப் பாத்துட்டு வந்து முகத்தைத்தான் துடைப்பேன்” என்றார் அந்த அம்மா.

வேன் போய்விட்டது. பொடி அண்ணனும் நானும் எஞ்சினோம். அவர் கை கழுவினார். அந்த இரண்டு வரிப் பாட்டு அன்று எத்தனை முறை திரும்பி வந்தது என்று சொல்ல முடியாது. தேநீர் வாங்கி வரச் சொல்லி, ஆறவிட்டு, மறுபடி வாங்கி வரச் சொன்னார். பிறகு வானொலியில் பந்தய வர்ணனை சொல்கிறவர் மாதிரி ஆரம்பித்தார்:

“இப்ப பாலத்தைத் தாண்டியிருப்பாங்க. இப்ப அம்மா உள்ள போறாங்க. அவரு உக்காருன்னு சொல்ல மாட்டாரு, அந்த ஜாதகம் எனக்குத் தெரியும். இப்ப கேக்குறாரு. என்ன கொண்டாந்தியாங்கிறாரு. பட்டதாரி, இப்ப தொட்டுட்டாருன்னு நினைக்கிறேன்.”

“எப்படித் தெரியும்?”

“உள்ளங்கை அரிக்குது.”

தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. தான் தொட்ட எதையும் பிறகு சந்தேகிப்பார்கள் என்று அவருக்கு ஒரு பயம். நான் எடுத்து, அவருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினேன். இன்ஸ்பெக்டரின் குரலுக்குப் பின்னால் ஒரே கூச்சல்.

“ரெண்டு கையும் சிவப்பு. ஆனா அரக்கை மறந்துட்டோம். சீல் வைக்கிற அரக்கு அங்க மேசை மேலயே இருக்கு. நீ எடுத்துட்டு வா. ஏட்டு தொடக் கூடாது. பாட்டிலுக்குச் சீல் வைக்கிற வரைக்கும் அவரு கிட்டவே வரக் கூடாது.”

அவசரத்தில் அரக்கை மறப்பது எங்கள் அலுவலகத்துக்கு மட்டுமே வாய்த்த தவறாக இருக்கும். கை முக்கிய கரைசலை அடைத்த பாட்டிலுக்கு அரக்கு முத்திரை இல்லையென்றால், பொடியைப் பிறகு வந்து கலந்தார்கள் என்று கோர்ட்டில் சொல்லிவிடுவார்கள்.

நான் அரக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின் இருக்கை அழுந்தியது.

“நீங்க வரக் கூடாதுண்ணே.”

“உள்ளதானே வரக் கூடாது? கேட் வரைக்கும் வரேன். கேட்டுக்கு வெளிய நிக்கிறதுக்கு எவன் அனுமதி வேணும்?”

என் பையில் எங்கேயும் பட்டுவிடக் கூடாது என்று வழியெல்லாம் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியே வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள், இந்தப் பெண் ஒரு பெரிய மனிதரைத் துப்பாக்கி முனையில் கடத்திப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

பார்சல் முற்றத்தின் கம்பி வேலிக்கு வெளியே அவரை இறக்கிவிட்டு உள்ளே ஓடினேன். அதிகாரி சட்டைக் கையை மடக்கிவிட்டபடி நின்றார். விரலிலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பயமே இல்லை, கோபம்தான்.

“நான் மத்திய அரசு ஊழியன். உங்க மாநிலப் போலீஸ் என் மேல கை வைக்க முடியாது.”

“நாங்க கை வைக்கல சார்” என்றார் இன்ஸ்பெக்டர். “நீங்கதான் வெச்சீங்க.”

ரயில் நிலையப் போலீஸ் அதிகாரி ஒருவர் குறுக்கே வந்து, “மேடம், இது எங்க எல்லை” என்றார்.

“உங்க எல்லைதான். முன்னாடி இந்த அம்மா வந்து சொன்னப்பவும் அது உங்க எல்லையாத்தான் இருந்திருக்கும். கண்காணிப்பாளர் அனுமதி இருக்கு, மத்தியப் பிரிவுக்கும் தெரியும். தள்ளி நின்னு பாருங்க, சாட்சியா வேணும்னாலும் சேத்துக்கிறோம்.”

அவர் தள்ளித்தான் நின்றார். நான் அரக்கை உருக்கினேன். முதல் சொட்டு குறி தவறி மேசையில் விழுந்தது. அந்தப் பாட்டிலை ஒரு கணம் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு மனிதரின் அத்தனை அதட்டலும் அதற்குள் அடங்கி, விடிகாலை வானம் போல அழகாக இருந்தது. அழகாக இருக்கலாமா என்றும் தோன்றியது.

அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்: “அப்போ என் பெட்டி?”

எல்லோரும் முற்றத்தைப் பார்த்தோம். பெட்டிகள் வெயிலில் அப்படியே இருந்தன. மேல் இலைகள் துவண்டு விளிம்பில் தொங்கின. வண்டி வருவதாக அறிவிப்புக் கேட்டது.

பார்சல் மேசைக்குப் பின்னால் இருந்த உதவியாளர் தலையை ஆட்டினார். “ஆபீசர் கையெழுத்து இல்லாம ஏத்த மாட்டோம்.”

இன்ஸ்பெக்டர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். “இவரைப் பிடிக்க எனக்கு அதிகாரம் இருக்கும்மா” என்றார் மெதுவாக. “பெட்டியை ஏத்தச் சொல்ல இல்ல. அது நிஜமாவே அவங்க எல்லை.”

அந்த அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆளைப் பிடித்தாகிவிட்டது, கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன. இதற்கா காலையிலிருந்து ஓடினோம் என்று இருந்தது எனக்கு.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. “யாருப்பா அங்க பெரியவரு? ஸ்டேஷன் மேனேஜர் யாரு?” பொடி அண்ணன் கம்பியைத் தொடாமல், மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிலைய மேலாளர் வெளியே வந்திருந்தார். கொஞ்சம் வயதானவர், இந்தக் கலவரத்தில் எந்தப் பக்கமும் சேராமல் கதவோரம் நின்றவர்.

“சார், வணக்கம். உங்க ஆபீசர் கை இப்ப காலியா இல்ல. பாட்டில்ல அடைச்சிட்டோம். உங்க கை காலியா இருக்கா?”

சுமை தூக்குகிறவர்களில் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு இன்னொருவர். மேலாளர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“கையெழுத்துப் போடுறதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க சார். இல்லன்னா இருக்கிறவர் பேரைச் சொல்லுங்க. நான் காலையில ஒரு தடவை இல்லன்னு சொல்லி இவங்களை அனுப்பிட்டேன். நாம ரெண்டு பேருமே சொல்லிட்டா இவங்க எங்கதான் போவாங்க?”

மேலாளர் அந்த அம்மாவைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அண்ணே, முதல்ல தண்ணி” என்று வேலிக்கு வெளியிலிருந்து சுமைக்காரர்களுக்கு உத்தரவு போட்டார் பொடி அண்ணன். “இலையில ஊத்தாதீங்க, வேர்ல. சாக்கு நனையணும். அந்த ஓரப் பெட்டி, அந்த ஓரப் பெட்டி.” வண்டி வந்து நின்றது. பெட்டிகள் கைமாறிக் கைமாறி உள்ளே போயின. நூலகத்திலிருந்து வந்த சாட்சிகூட ஓட்டமாக ஓடி ஒரு முனையைப் பிடித்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் வேலிக்கு வெளியே நின்றவர் தோளை ஒரு பக்கம் சாய்த்து, தானே தூக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்து விட்டார்.

பாட்டிலில் முத்திரை இறுகியது. இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்து கூப்பிட்டார்: “ஏட்டு, சீல் வெச்சாச்சு. இப்ப வரலாம். வந்து பாருங்க உங்க கைவேலையை.”

“இருங்கம்மா. வண்டி எடுக்கட்டும்.”

வண்டி எடுத்தது. ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகுதான் அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். அந்த அம்மா எதிரே போனார். பெட்டியில் இடம் போதாமல் நின்றுவிட்ட ஓர் எலுமிச்சைக் கன்று அவர் கையில் இருந்தது. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“வீட்ல வையுங்கண்ணே. நல்ல ஜாதி. சீக்கிரம் காய்க்கும்.”

பொடி அண்ணன் கன்றைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், பேனாவை இன்னும் மூடாமல் நின்ற சாட்சிகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து, அந்த இலையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.